பள்ளி வாரியம் சட்டமன்றத்துக்கு ஏன் போகிறது?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் குடியிருக்கும் வாசகர்களும், அங்கே பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

டாலஸ் அருகே மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மையார் ‘ஸ்கூல் போர்டு’ உறுப்பினராம். சட்டமன்றத்தில் பேச ஆஸ்டினுக்குப் போய்வந்தார். நமக்கு போர்டு என்றால் சி.பி.எஸ்.இ.தானே? (வாசகி, கும்பகோணம்)

நம் ஊரில் ‘எந்த போர்டு?’ என்று கேட்டால் பாடத்திட்டத்தைக் கேட்கிறார்கள் என்று பொருள். டெக்சாசில் அது பள்ளிகளை நிர்வகிக்கும் மக்கள் பிரதிநிதிகளின் சபை. ஜில்லா போர்டு ஹைஸ்கூலில் படித்த தலைமுறையினருக்கு இது ஓரளவு பிடிபடும். ஆனால் ஜில்லா போர்டுக்குச் சாலையும் மருத்துவமனையும்கூடப் பொறுப்பாக இருந்தன. இந்த வாரியத்துக்குப் பள்ளி ஒன்றுதான் வேலை. மாநிலத்தில் 1,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் (பள்ளிகளை நடத்துவதற்கென்றே வகுத்த பகுதிகள்) இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த 7 பேர் வாரியத்தில் இருப்பார்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பள்ளிகளின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளரை நியமிப்பதும், வரவுசெலவுக்கு ஒப்புதல் தருவதும், பள்ளிக்கான சொத்து வரி விகிதத்தை நிர்ணயிப்பதும் அவர்களுடைய வேலை. அந்த வரிக்கு உச்சவரம்பு வகுப்பதும், ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று கணக்கிடும் சூத்திரத்தை எழுதுவதும் மாநிலச் சட்டமன்றம். அம்மையார் ஆஸ்டினுக்குப் போன காரணம் அதுதான்.

கல்வி அவ்வளவு முக்கியமென்றால் வாஷிங்டனில் அல்லவா முறையிட வேண்டும்? (வாசகர், திருநெல்வேலி)

முறையிட்டுப் பார்த்தார்கள், தோற்றார்கள். சான் அன்டோனியோ நகரின் எட்ஜ்வுட் பகுதியைச் சேர்ந்த ஏழைப் பெற்றோர், சொத்து வரியை நம்பியிருக்கும் கல்வி நிதிமுறை தங்கள் பிள்ளைகளை வஞ்சிக்கிறது என்று தொடுத்த வழக்கில், 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் எதிராகத் தீர்ப்பளித்தது. கல்வி, கூட்டாட்சி அரசியலமைப்பு உறுதியளிக்கும் அடிப்படை உரிமை அன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். அதன்பின் போராட்டம் மாநிலத்துக்குள் திரும்பியது. பொதுப் பணத்தில் இலவசப் பள்ளிகளைச் செம்மையான ஏற்பாட்டோடு நடத்துவது சட்டமன்றத்தின் கடமை என்று டெக்சாஸ் அரசியலமைப்பின் 7-ஆவது பிரிவு சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு எட்ஜ்வுட் மாவட்டமும் வேறு சில மாவட்டங்களும் மறுபடி வழக்காடின. அப்போது எட்ஜ்வுட்டில் வரி விதிக்கத்தக்க சொத்தின் மதிப்பு ஒரு மாணவருக்கு 38,854 டாலர். அருகிலுள்ள அலமோ ஹைட்ஸ் மாவட்டத்திலோ 5,70,109 டாலர். மாவட்டங்களுக்கிடையே இப்படிப்பட்ட வேறுபாடு அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று 1989-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. வசதியான மாவட்டங்களின் உபரி வரியை மற்றவற்றுக்குத் திருப்பிவிடும், ‘ராபின் ஹூட்’ என்று மக்கள் பெயரிட்ட முறை 1993-இல் வந்ததும் அந்த வழக்குகளின் தொடர்ச்சியாகத்தான். வழக்குமன்றம் கடமையை நினைவூட்டலாம், தொகையை எழுதுவது சட்டமன்றம் என்பதால் வாரியங்கள் அங்கேயே போய் நிற்கின்றன.

சட்டமன்றத்தில் வெளியாள் எப்படிப் பேச முடியும்? அங்கே போய் என்னதான் சொல்கிறார்கள்? (வாசகர், கோயம்புத்தூர்)

அவையில் பேசுவதில்லை, மசோதாக்களைப் பற்றிக் குழுக்கள் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசுகிறார்கள். டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், ஜனவரி இரண்டாம் செவ்வாய்க்கிழமை தொடங்கி அதிகபட்சம் 140 நாள் நடக்கும். ஆளுநர் அவசரம் என்று அறிவித்தவை தவிர மற்ற மசோதாக்கள் முதல் 60 நாளில் வாக்கெடுப்புக்கு வருவதில்லை. ஆகவே இரண்டு ஆண்டுகளின் கல்வி நிதி முழுவதும் மார்ச் முதல் மே வரையிலான நெரிசலில்தான் முடிவாகிறது.

பழைய சிவப்புக் கருங்கல் மாளிகையின் தோற்றத்தை மறைக்கக் கூடாது என்று நிலத்துக்கு அடியில் கட்டிய பகுதியில் பல குழு அறைகள் இருக்கின்றன. பேச வந்தவர் அங்குள்ள கணினித் திரையில் தம் பெயரையும், மசோதா எண்ணையும், ஆதரவா, எதிர்ப்பா, பொதுக் கருத்தா என்பதையும் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காலையில் பதிந்தவரின் முறை நள்ளிரவுக்குப் பின் வருவதும் உண்டு. கிடைப்பது பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நிமிடம்.

அந்த இரண்டு நிமிடத்தில் ‘கல்வியே கண்’ என்று முழங்குபவரை உறுப்பினர்கள் தலை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். கணக்கோடு வருபவருக்குத்தான் காது கிடைக்கும். டெக்சாசில் சேர்க்கையைப் பார்த்துப் பணம் தருவதில்லை, சராசரி வருகையைப் பார்த்துத் தருகிறார்கள். 10,000 பிள்ளைகள் சேர்ந்திருக்கும் மாவட்டத்தில் நாளும் 95 விழுக்காட்டினர் வந்தால் அடிப்படை ஒதுக்கீடு 9,500 பேருக்குத்தான். வராத 500 பேர் ஒரே பள்ளியைச் சேர்ந்தவர்கள் அல்லர், வகுப்புக்கு ஒருவர் இருவராகச் சிதறியவர்கள். அதனால் ஓர் ஆசிரியரையும் குறைக்க முடியாது, ஒரு பேருந்தையும் நிறுத்த முடியாது. அந்த ஒதுக்கீட்டில் ஒரு மாணவருக்கு 6,160 டாலர் என்று 2019-இல் வைத்த தொகை 2025 வரை நகரவேயில்லை. அதற்குள் எரிபொருள், காப்பீடு, சமையற்கூடச் செலவு எல்லாம் ஏறிவிட்டன. தங்கள் ஊரின் கணக்கை இப்படி எடுத்துவைக்க, அந்த ஊரில் குடியிருந்து, அந்தப் பள்ளியின் கணக்கேட்டைப் பார்த்தவரால் மட்டுமே முடியும் என்பது என் கருத்து.

மக்கள் வரிப்பணத்தை வாங்கும் அமைப்பு, மேலும் வரிப்பணம் கேட்டு அரசையே நெருக்குவது முறையா? (வாசகர், சென்னை)

இந்தக் கேள்வியை அங்கேயும் கேட்கிறார்கள். உள்ளாட்சி அமைப்புகள் பொதுப் பணத்தில் பரிந்துரையாளர்களை (தமக்காகச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் பேசும் ‘லாபியிஸ்ட்’களை) அமர்த்துவதைத் தடை செய்யும் மசோதா 2025-இல் மேலவையில் நிறைவேறிக் கீழவையில் நின்றுபோனது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் தாமே சென்று பேசுவதையும், கட்டணம் வாங்கும் பரிந்துரையாளரை அனுப்புவதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். முன்னதில் குறை காண எனக்கு ஒன்றும் இல்லை. வேட்பாளர், கட்சி, வாக்கெடுப்பு எதற்கும் ஆதரவாகவோ எதிராகவோ பள்ளி மாவட்டம் தன் பணத்தைச் செலவிடுவதை டெக்சாஸ் கல்விச் சட்டம் ஏற்கெனவே தடுத்திருக்கிறது. கூட்டத்தொடரில் பேசலாம், தேர்தலில் பேசக் கூடாது. வாரியங்களின் பலமும் பலவீனமும் இந்த ஒரு கோட்டில் அடங்கியிருப்பதை அடுத்த விடையில் காணலாம்.

இவ்வளவு அலைந்து கண்ட பலன் என்ன? (வாசகர், ஹூஸ்டன்)

தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் வவுச்சர் திட்டத்தைப் பல வாரியங்கள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. 2023 நவம்பரில் கீழவை அத்திட்டத்தை 84-க்கு 63 என்று மசோதாவிலிருந்து நீக்கியது. ஜனநாயகக் கட்சியினரோடு 21 குடியரசுக் கட்சியினர் சேர்ந்ததால் அது முடிந்தது. அவர்களில் பலர் சிற்றூர்த் தொகுதிக்காரர்கள். அங்கே பள்ளி மாவட்டமே பெரிய வேலையளிப்பாளர், வவுச்சரை எடுத்துக்கொண்டு போவதற்குப் பக்கத்தில் தனியார் பள்ளியும் இராது. ஆளுநர் கிரெக் அபட் 2024-இன் உட்கட்சித் தேர்தலில் அவர்களில் பலரை எதிர்த்து நின்றவர்களுக்கு வெளிப்படையாக ஆதரவு தந்தார், அந்த 21 பேரில் பலர் தோற்றனர். 2025 ஏப்ரலில் அதே திட்டம் கீழவைக்கு மீண்டும் வந்தபோது எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சியினர் இருவர் மட்டுமே. முதற்கட்டமாக 100 கோடி டாலர் ஒதுக்கிய அந்தச் சட்டத்தில் மே 3 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார். வாரியங்களின் வாதம் 2023-இல் இருந்ததைவிட 2025-இல் பலவீனமாக இல்லை. அந்த வாதம் நுழைய முடியாத இடத்தில், அதாவது தேர்தலில், முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது.

நிதியில் கொஞ்சம் கிடைத்தது. சுமார் 850 கோடி டாலர் மதிப்புள்ள பள்ளி நிதிச் சட்டம் ஜூன் மாதம் கையெழுத்தானது. ஐந்து ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியருக்குப் பெரிய மாவட்டங்களில் 5,000 டாலரும், 5,000 மாணவருக்கு மேற்படாத மாவட்டங்களில் 8,000 டாலரும் ஊதிய உயர்வு வந்தது நல்ல காரியம். ஆனால் வாரியங்கள் தம் விருப்பப்படி செலவிடக்கூடிய அடிப்படை ஒதுக்கீட்டைக் கீழவை ஒரு மாணவருக்கு 395 டாலர் உயர்த்தியிருக்க, இறுதிச் சட்டத்தில் அது 55 டாலராகச் சுருங்கியது. மேலே சொன்ன 9,500 பேர் கணக்கில், 37 லட்சத்துக்கும் மேல் வரவேண்டிய இடத்தில் 5 லட்சத்துச் சொச்சம் டாலர். எந்தச் செலவுக்கு எவ்வளவு என்று சட்டமன்றமே வரையறுத்துவிட்டால் வாரியத்துக்கு மிஞ்சுவது கையெழுத்து மட்டும். தங்கள் ஊரில், மக்கள் தேர்ந்தெடுத்த வாரியத்தை 2023-இல் ஒதுக்கிவிட்டு மாநிலம் தானே நிர்வாகிகளை நியமித்ததை நேரில் பார்த்த தங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். வாக்குரிமை இல்லாத எனக்கு இதில் என்ன வேலை? (வாசகி, கேட்டி)

வாரியத் தேர்தலில் தாங்கள் வாக்களிக்க முடியாது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. அடுத்த வழக்கமான கூட்டத்தொடர் 2027 ஜனவரி 12 அன்று தொடங்க வேண்டும். அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே பல வாரியங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலைப் பொதுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானிக்கும். அன்றைய நிகழ்ச்சி நிரலில் உள்ள பொருளைப் பற்றிப் பேசப் பெற்றோருக்கு உரிமை உண்டு. ஆஸ்டினுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வண்டி ஓட்டுவதற்கு முன், பத்து நிமிடத் தொலைவில் நடக்கும் அந்தக் கூட்டத்துக்குப் போய், தங்கள் பிள்ளையின் வகுப்பில் எத்தனை பேர், பேருந்துக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பதை எழுதிக் கொடுங்கள்.