துருப்பிடித்த ஆணிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆறு ஆண்டுகளாக இங்கிலாந்தில் சஃபோக் பகுதியில் வசிக்கிறேன். இரவு வேலை. சனிக்கிழமைகளில் மெட்டல் டிடெக்டருடன் ஒரு விவசாயியின் வயலுக்குப் போவதுதான் என் ஒரே பொழுதுபோக்கு. ரோமானியர் காலத்துக் காசுகள் சில கிடைத்திருக்கின்றன. ஆனால் நிலம் முழுக்க இரும்புக் குப்பை, அடிக்கு ஓர் ஆணி. கருவி ஓயாமல் உறுமுகிறது. இரும்பை ஒதுக்கும் அளவைக் கூட்டினால் அமைதியாகிவிடுகிறது, ஆனால் காசும் அகப்படுவதில்லை. கூட வரும் என் ஒன்பது வயது மகள் அந்த ஆணிகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வந்தாள். சென்ற வாரம் அதைக் குப்பையில் கொட்டினேன். இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. இவ்வளவு இரும்புக்கு நடுவே காசைக் கண்டுபிடிப்பது எப்படி? எந்தக் கருவி வாங்கலாம்? காசுகளை எலுமிச்சைச் சாற்றில் கழுவலாமா?

ச., சஃபோக்

அன்புள்ள ச.,

நானும் சில ஆண்டுகள் அந்த நாட்டில் இருந்தவன். ஒரு நண்பருடன் அறுவடை முடிந்த வயல்களில் நடந்திருக்கிறேன். அந்த உறுமல் இன்னும் காதில் இருக்கிறது.

ஆணியும் காசும் ஒரே நேரத்தில் கருவியின் அடியிலுள்ள வட்டத் தலையான சுருளுக்குக் கீழே வந்தால் கருவிக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். இரும்பை ஒதுக்கச் சொல்லி வைத்திருந்தால் பக்கத்தில் கிடக்கும் வெள்ளியையும் சேர்த்து விழுங்கிவிடும். ஆகவே அந்த அளவைக் குறையுங்கள், உறுமலைச் சகித்துக்கொள்ளுங்கள். ஆறங்குலச் சுருளை மாட்டி மெதுவாக வீசுங்கள். உறுமலுக்கு நடுவே மெல்லிய உயர்ந்த ஒலி ஒன்று எழுந்தால், அதே இடத்தில் குறுக்காகத் திரும்பி நின்று மறுபடி வீசுங்கள். இரண்டு பக்கமும் ஒலி நிலைத்தால் தோண்டலாம். ஒரு பக்கம் கேட்டு மறுபக்கம் மறைந்தால் பெரும்பாலும் அது ஆணிதான். எந்தக் கருவி என்பதைக் கடைக்காரரிடம் கேளுங்கள். எலுமிச்சைச் சாறு கூடவே கூடாது.

ஆனால் அந்த டப்பாவை ஏன் கொட்டினீர்கள்? உங்கள் கடிதத்தில் அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

என் தாத்தா கொல்லர். நொய்யல் கரையில் ஊர். பட்டறைக்குப் பின்னால் பழைய ஆணிகள் ஒரு குவியலாகக் கிடக்கும். ஒன்றை எடுத்து நீட்டினால் திருப்பிக்கூடப் பார்க்காமல், விரலால் தடவியே சொல்லுவார். இது மாட்டு லாடத்து ஆணி, இது வண்டிப் பட்டாவில் அடித்தது, இது கோயில் கதவிலிருந்து கழன்றது, அடித்தவன் அவசரக்காரன். அவர் இறந்த பிறகு அந்தக் குவியலைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டோம். உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் பட்டறையின் கடைசிச் சுவரையும் இடித்தார்கள். அதே ஆற்றங்கரையில் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளை ஆய்வாளர்கள் தோண்டியெடுத்திருக்கிறார்கள். அங்கே காலில் இடறும் கிட்டத்தை, அதாவது இரும்பு உருக்கியபோது மிஞ்சிய கசடை, நாங்கள் சிறுவயதில் கல்லென்று நினைத்து எற்றி விளையாடினோம். எங்களுக்குச் சொல்லித்தர யாருமில்லை. உங்களுக்கு அந்தச் சாக்கு இல்லை, நீங்கள் சஃபோக்கில் இருக்கிறீர்கள்.

உங்கள் சஃபோக்கிலேயே பழங்காலப் புதைமேடுகள் இருக்கும் சட்டன் ஹூவுக்குப் போயிருக்கிறீர்களா? போகாவிட்டால் அடுத்த சனிக்கிழமை கருவியை வீட்டில் வைத்துவிட்டு மகளுடன் போங்கள். 1939 மே மாதம் அங்கே ஒரு மேட்டைத் தோண்டியபோது முதலில் அகப்பட்டது தங்கமல்ல, துருப்பிடித்த ஓர் இரும்புத் தறையாணி. தோண்டியவர் பேசில் பிரவுன், பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டவர். அது கப்பலின் பலகையைப் பிணைத்த ஆணி என்று அவருக்குத் தெரிந்தது. அதைப் பிடுங்காமல் இருந்த இடத்திலேயே விட்டு, மணலை மட்டும் துடைத்துக்கொண்டு அடுத்த ஆணிக்குப் போனார். அதிலிருந்து அடுத்ததற்கு. மரம் முழுக்க மட்கிப் போயிருந்தது, ஒரு பலகைகூட மிஞ்சவில்லை. மண்ணில் பதிந்த தடமும் ஆணிகளின் வரிசையும் சேர்ந்துதான், இறந்த ஒருவருக்காக மேட்டுக்குள் புதைத்த சுமார் 27 மீட்டர் நீளக் கப்பலைக் காட்டின. உள்ளே ஒரு பணப்பையில் 37 தங்கக் காசுகள் இருந்தன. இன்று நீங்கள் அந்த மேட்டில் இறங்கியிருந்தால் 37 காசுகளையும் எடுத்திருப்பீர்கள், கப்பலைக் குப்பையில் கொட்டியிருப்பீர்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். கடுமையாகத்தான் சொல்ல வேண்டும்.

ஸ்காட்லாந்தில் இன்ச்டுதில் என்ற கோட்டையைக் கைவிட்டுப் போன ரோமானியப் படை, ஏறக்குறைய எட்டே முக்கால் லட்சம் ஆணிகளைக் குழி வெட்டிப் புதைத்துவிட்டுப் போனது, இரும்பு எதிரியின் கைக்குப் போய்விடக்கூடாது என்பதற்காக. நீங்கள் குப்பை என்று எழுதுவதை அவர்கள் புதையலைப்போல மறைத்து வைத்தார்கள்.

உங்கள் வயலில் அடிக்கு ஓர் ஆணி என்றால் அங்கே ஒரு கட்டடம் நின்றிருக்கலாம், கூரை எரிந்து விழுந்திருக்கலாம். காசு எவனோ ஒருவனின் பையிலிருந்து தவறி விழுந்தது. ஆணி, அவன் குடியிருந்த வீடாக இருக்கலாம். ஏர் கலைத்த மேல்மண்ணில் கிடைப்பதை எடுக்கலாம். அதற்குக் கீழே ஆணிகள் வரிசையாகத் தென்பட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உங்களைப்போலவே மெட்டல் டிடெக்டருடன் அலைந்த எரிக் லாஸ் அப்படி நிறுத்தியவர். 1992 நவம்பரில் உங்கள் சஃபோக்கிலேயே ஹாக்ஸ்னில், ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப் போனார். காசுகள் அள்ள அள்ள வந்தபோது, மீதியை மண்ணிலேயே விட்டுவிட்டுத் தகவல் சொன்னார். அதனால்தான் ஏறக்குறைய 15,000 காசுகளோடு அவை இருந்த மரப்பெட்டியின் சுவடும், அதற்குள் எது எங்கே அடுக்கப்பட்டிருந்தது என்பதும் நமக்குக் கிடைத்தன. அந்தச் சுத்தியலும் கிடைத்தது. அது இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

புதிதாக ஒரு டப்பா வாங்கிக் கொடுங்கள். ஒவ்வோர் ஆணியையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, வேலியிலிருந்து எத்தனை தப்படி என்று எழுதிவைக்க அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அந்தத் தாளையும் உங்கள் காசுகளையும் அப்பகுதியில் கண்டெடுப்புகளைப் பதிவுசெய்யும் அலுவலரிடம் சேர்த்துக் காட்டுங்கள். சென்ற வாரம் கொட்டியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை.