சாவி யார் கையில்? வங்கி ஏலத்தில் வீடு வாங்க நினைப்பவருக்கு ஒரு பதில்

கேள்வி: நாளிதழில் ஒரு வங்கியின் ஏல அறிவிப்பைப் பார்த்தேன். தனி வீடு, குறைந்தபட்ச ஏலத் தொகை 40 லட்சம். அதே தெருவில் இந்த அளவு வீடு 55 லட்சத்துக்குக் குறைந்து கிடைப்பதில்லை. அறிவிப்பில் ‘அடையாள சுவாதீனம்’ என்றும் ‘உள்ளது உள்ளபடி’ என்றும் போட்டிருக்கிறார்கள். கடன் வாங்கியவரின் குடும்பம் இன்னும் அங்கேயே குடியிருக்கிறது. “பணத்தைக் கட்டுங்கள், வங்கியே காலி செய்து கொடுத்துவிடும்” என்கிறார் தரகர். என் கையில் 12 லட்சம் இருக்கிறது, மீதிக்கு வீட்டுக் கடன் வாங்க எண்ணம். ஏலத்தில் கலந்துகொள்ளலாமா? கடன் வாங்கியவர் பிறகு பணத்தைக் கட்டி வீட்டைத் திரும்பக் கேட்டால் என் நிலை என்ன?

பதில்: விலை ஏன் 15 லட்சம் குறைவு என்பதற்கு விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ‘அடையாள சுவாதீனம்’ என்றால், காகிதத்தில் வீடு வங்கியிடம், சாவி குடியிருப்பவரிடம் என்று பொருள். வங்கி அதிகாரி வந்து வாசல் சுவரில் அறிவிப்பை ஒட்டியிருப்பார், அதைப் படம் எடுத்திருப்பார், இரண்டு நாளிதழ்களில் வெளியிட்டிருப்பார். வீட்டுக்குள் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, தவணை தவறி வாராக் கடனாகிவிட்ட கணக்குக்கு வங்கி முதலில் 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கெடு முடிந்தும் பணம் வராவிட்டால் நீதிமன்றம் போகாமலேயே அடமானச் சொத்தைச் சுவாதீனம் எடுத்து விற்கலாம். ஆனால், வெளியேற மறுப்பவரை வெளியேற்ற வங்கிக்குத் தனி ஆள்பலம் கிடையாது. அதற்குச் சட்டத்தின் 14ஆம் பிரிவின் கீழ் மாவட்ட ஆட்சியரிடமோ, தலைமை நீதித்துறை நடுவரிடமோ மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். 30 நாளில் உத்தரவு, காரணம் இருந்தால் மொத்தம் 60 நாள் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் மாதக்கணக்கில் இழுப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இதற்கிடையே கடன் வாங்கியவர் 17ஆம் பிரிவின் கீழ் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போய்த் தடை வாங்கினால், அது தனிக் கதை.

ஆக, தரகர் சொன்னது பாதி உண்மை. ஏலம் முடிந்து விற்பனை ஆன பிறகும் வங்கி 14ஆம் பிரிவின் கீழ் மனுப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. ஆனால் ஏல நிபந்தனைகளை முழுவதும் படியுங்கள். சுவாதீனம் எடுப்பது வாங்குபவரின் சொந்தப் பொறுப்பு, சொந்தச் செலவு என்று எங்காவது ஒரு வரி ஒளிந்திருக்கும். அந்த வரி இருந்தால் தரகரின் வாக்குறுதியை நீங்கள் மறந்துவிடலாம். (அவர் தரகுத் தொகை கேட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகள் ‘பேங்க்நெட்’ இணையதளத்தில் எல்லோர் பார்வைக்கும் இருக்கின்றன. அதைப் பார்த்துச் சொல்வதற்கு ஒருவருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.)

அடுத்தது பணம். உங்களைப் பற்றி எனக்கு அதிகக் கவலை இதில்தான். ஏலத்தில் கலந்துகொள்ளவே முன்கூட்டிக் கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகை பெரும்பாலும் குறைந்தபட்சத் தொகையில் 10 சதவீதம், அதாவது 4 லட்சம். ஏலம் உங்கள் பெயருக்கு முடிந்தால், அந்த 4 லட்சத்தையும் சேர்த்து ஏலத் தொகையில் 25 சதவீதத்தை அன்றே, தவறினால் அடுத்த வேலை நாளுக்குள் கட்டியாக வேண்டும். ஏலம் 48 லட்சத்தைத் தாண்டினால் உங்கள் 12 லட்சம் முதல் தவணைக்கே போதாது. மீதி 75 சதவீதத்துக்கு, விற்பனை உறுதி செய்யப்பட்டதிலிருந்து 15 நாள்தான் அவகாசம். வங்கி எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால் கூடிப்போனால் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். அதைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு இல்லை.

சுவாதீனம் இல்லாத வீட்டுக்குக் கடன் கொடுக்க இன்னொரு வங்கி தயங்கும். பணம் வராமல் கெடு தாண்டினால் கட்டிய 25 சதவீதமும் பறிபோகும். “வங்கிக்குத்தான் நஷ்டம் ஒன்றும் இல்லையே, வேறு ஒருவருக்கு விற்றுக்கொண்டதே” என்று வாதாடிப் பயன் இல்லை. சண்முகவேலு வழக்கில் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இப்படிப் பறிமுதல் செய்வது விதிப்படி சரியே, ஒப்பந்தச் சட்டத்தின் நஷ்டஈடு பற்றிய 73, 74ஆம் பிரிவுகளைக் காட்டி இதைத் திருப்பிக் கேட்க முடியாது என்று தீர்த்துவிட்டது. ஆகவே கடன் ஒப்புதல் கடிதம் கைக்கு வராமல் முன்வைப்புத் தொகையைக் கட்டாதீர்கள். அந்தக் கடிதத்திலும் இந்தச் சொத்தின் விவரம், ஏலக் கொள்முதல் என்ற குறிப்பு இரண்டும் இருக்க வேண்டும். ‘கடன் பெறத் தகுதி உண்டு’ என்கிற பொதுவான கடிதம் இந்த வேலைக்கு உதவாது.

கடன் வாங்கியவர் வீட்டைத் திரும்பக் கேட்பது பற்றிய உங்கள் பயத்தில் பாதியைக் குறைத்துக்கொள்ளலாம். சர்ஃபேசி சட்டத்தின் 13(8) பிரிவு 2016இல் திருத்தப்பட்டது. பொது ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் அவர் முழு நிலுவையையும் கட்டிச் சொத்தை மீட்கலாம். செலிர் எதிர் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் ஏலம் 105.05 கோடிக்கு முடிந்த பிறகு, கடன் வாங்கியவர் 129 கோடி தருகிறேன் என்று வந்தார். வங்கியும் தலையாட்டியது, உயர் நீதிமன்றமும் அனுமதித்தது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, ஏலம் எடுத்தவருக்கே சொத்து என்றது.

மீதிப் பாதிப் பயம் இருக்கட்டும். மீட்கும் உரிமை போனாலும் வழக்குப் போடும் உரிமை போவதில்லை. 60 நாள் நோட்டீஸ் முறையாகச் சேரவில்லை, ஏல அறிவிப்புக்கும் ஏலத்துக்கும் இடையே 30 நாள் விடவில்லை, சொத்தை அடிமாட்டு விலைக்கு மதிப்பிட்டார்கள் என்றெல்லாம் தீர்ப்பாயத்தில் அவர் கேட்கலாம். அதில் ஒன்று நிரூபணமானால் விற்பனையே ரத்தாகலாம். உங்கள் பணம் திரும்பி வரும், ஆனால் எப்போது, என்ன வட்டியோடு என்பது தீர்ப்பைப் பொறுத்தது. அதனால்தான் ஏலம் எடுத்த கையோடு தீர்ப்பாயத்தில் கேவியட் (முன்னெச்சரிக்கை மனு) போட்டு வைக்கச் சொல்கிறேன். 18-சி பிரிவு அதற்கு இடம் தருகிறது. உங்களைக் கேட்காமல் தடை உத்தரவு பிறக்காமல் அது பார்த்துக்கொள்ளும்.

‘உள்ளது உள்ளபடி’ என்பதற்கு வருகிறேன். விற்பனைச் சான்றிதழில் வில்லங்கம் இல்லை என்று எழுதியிருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். ‘வங்கிக்குத் தெரிந்த’ வில்லங்கம் இல்லை என்றுதான் அதற்குப் பொருள். வங்கிக்குத் தெரியாதது உங்கள் தலையில். 30 ஆண்டுக்காவது வில்லங்கச் சான்று எடுங்கள், தாய்ப்பத்திரத்திலிருந்து ஒவ்வொரு கைமாற்றத்தையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கடன் வாங்கியவரின் தங்கை போட்ட பாகப்பிரிவினை வழக்கு வில்லங்கச் சான்றில் தெரியாமலேயே போகலாம், அதற்கு அந்தப் பகுதி உரிமையியல் நீதிமன்றத்தில்தான் விசாரிக்க வேண்டும். மின் கட்டண பாக்கியும் உங்களைத் தேடி வரலாம். மின் வாரிய விதிகள் அனுமதித்தால், பழைய உரிமையாளரின் பாக்கியைக் கட்டினால்தான் இணைப்பு என்று வாரியம் சொல்லலாம் என்று 2023இல் கே.சி. நைனான் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சொத்து வரி, குடிநீர் வரி பாக்கிகளையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஏலத் தொகை 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீத வருமான வரியைப் பிடித்தம் செய்து செலுத்துவதும் உங்கள் வேலைதான்.

வீட்டை நேரில் பாருங்கள், அதுவும் காலையில். என்னிடம் சட்ட ஆலோசனைக்கு வந்த கட்சிக்காரர் ஒருவரிடம் வங்கியில் ஒரு படத்தைக் காட்டி, “வீடு பூட்டியே கிடக்கிறது சார்” என்றார்கள். அவரைக் கூட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்குப் போனேன். பூட்டு இருந்தது உண்மை. பூட்டுக்குக் கீழே ஈரம் காயாத கோலமும் இருந்தது. பின்கட்டு வழியாக மூன்று பேர் வந்து போய்க்கொண்டிருந்தார்கள், அவர்களில் ஒருவர் கையில் பழைய வாடகை ஒப்பந்தம் வேறு.

நீங்கள் பார்த்த வீட்டில் கடன் வாங்கியவரின் குடும்பமே இருக்கிறது என்பதால் அவர்களிடம் மரியாதையாகப் பேசிப் பார்ப்பதில் தவறில்லை. வீடு மாற்றும் செலவுக்கு ஒரு தொகை கிடைத்தால் தாங்களாகவே போய்விடுபவர்கள் உண்டு. கொடுப்பதாக இருந்தால் எழுத்தில், வங்கி அதிகாரிக்குத் தெரிந்து கொடுங்கள். மின்சாரத்தைத் துண்டிப்பது, ஆள் வைத்துப் பூட்டை உடைப்பது போன்ற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சுத்தமாகப் பணம் கட்டிய நீங்கள் குற்ற வழக்கில் நிற்க நேரும்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். ஏல அறிவிப்பில் பெயர் போட்டிருக்கும் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரிக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுதிக் கேளுங்கள்: 14ஆம் பிரிவு மனு போடப்பட்டதா, எண் என்ன, உத்தரவு வந்ததா, தீர்ப்பாயத்தில் வழக்கு நிலுவையில் உள்ளதா, சுவாதீனத்தை ஒப்படைப்பது வங்கியின் பொறுப்பா, அசல் பத்திரங்கள் எல்லாம் வங்கியிடம் உள்ளனவா. 14ஆம் பிரிவு உத்தரவும் கடன் ஒப்புதல் கடிதமும் கையில் இருந்தால் கலந்துகொள்ளுங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இந்த முறை விட்டுவிடுங்கள். யாரும் கேட்காமல் போனால், 15 நாள் அறிவிப்பில் வங்கி அதை மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவரலாம், பெரும்பாலும் தொகையைக் குறைத்து.