பாலிமர் எலக்ட்ரோலைட்டில் அயனி எப்படி நகர்கிறது? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

தருமபுரி, எம்.எஸ்சி. மாணவி: சார், பேட்டரியில் லித்தியம் உப்பைக் கரைத்து எலக்ட்ரோலைட்டாக (அயனி கடத்தும் பொருளாக) வைக்கும் பாலிமரான பாலிஎத்திலீன் ஆக்சைடு திடப்பொருள்தானே? லித்தியம் அயனி எந்தச் சந்து வழியாகப் போகிறது?

பதில்: சந்து எதுவும் இல்லைம்மா. பாலிமர் சங்கிலியில் இரு கார்பன்களுக்கு நடுவே உள்ள ஆக்சிஜன்கள் (ஈதர் ஆக்சிஜன்) ஐந்தாறு சேர்ந்து ஒரு லித்தியத்தைச் சூழ்ந்து பிடித்திருக்கும். சங்கிலி நெளியும்போது ஓர் ஆக்சிஜன் பிடியை விடும், பக்கத்தில் இருப்பது பிடித்துக்கொள்ளும். படிகப் பகுதியில் அந்த நெளிவு மிகக் குறைவு. அதனால்தான் 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் படிகம் உருகியதும் கடத்துதிறன் விறுவிறுவென ஏறுகிறது. 80 டிகிரியில் செ.மீ.க்கு 10⁻³ சீமென்ஸ் அளவை நெருங்கும்.

பர்கூர், பொறியியல் மாணவர்: உப்பைக் கூட்டினால் கடத்துதிறன் இறங்குகிறதே, ஏன்?

பதில்: ஓரளவு வரைதான் ஏறும். அதற்கு மேல் லித்தியமே சங்கிலிகளைச் சேர்த்துக் கட்டிப்போட்டுவிடும், நெளிவு குறையும். எதிர் அயனியோடு (உப்பிலுள்ள எதிர்மின் அயனி) ஜோடி சேர்ந்த லித்தியமும் மின்சாரத்துக்கு உதவாது. 20 ஈதர் ஆக்சிஜனுக்கு 1 லித்தியம் என்று தொடங்குங்கள்: 1 கிராம் பாலிமருக்கு 0.33 கிராம் லித்தியம் டி.எஃப்.எஸ்.ஐ. (LiTFSI) என்ற லித்தியம் உப்பு. அந்த உப்பை 120 டிகிரியிலும் பாலிமரை 50 டிகிரியிலும் வெற்றிடத்தில் தனித்தனியே உலர்த்தி, நீரற்ற அசிட்டோநைட்ரைலில் கரைத்து, டெஃப்லான் தட்டில் ஊற்றி மெதுவாக ஆவியாக விடுங்கள். அவசரப்பட்டுச் சூடேற்றினால் படலத்தில் குமிழி விழும், தடிமன் கணக்கே தப்பாகிவிடும்.

அரூர், ஆய்வு மாணவர்: எங்கள் ஊர் மரவள்ளி மாவில் கிளிசரினும் லித்தியம் உப்பும் சேர்த்துப் படலம் செய்தோம். அறை வெப்பநிலையிலேயே கடத்துதிறன் செ.மீ.க்கு 10⁻⁴ சீமென்ஸ் வருகிறது. கட்டுரை அனுப்பலாமா சார்?

பதில்: இப்போதே அனுப்பாதீர்கள், முதலில் எடை போடுங்கள். மாவுச்சத்தும் கிளிசரினும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நீங்கள் அளந்தது அந்த நீரின் கடத்துதிறனாக இருக்கலாம். படலத்தில் வெட்டிய வில்லையை எடை பார்த்து, 60 டிகிரி வெற்றிட அவனில் ஓர் இரவு வைத்து, மறுபடி எடை பாருங்கள். காற்றுப் படாமல் அடைத்த செல்லில் இம்பீடன்ஸ் (மாறுதிசை மின்னோட்டத்துக்கான தடை) எடுங்கள். 0.01 செ.மீ. தடிமன், 2 சதுர செ.மீ. பரப்பு, 50 ஓம் தடை என்றால் 10⁻⁴. உலர்ந்தபின் 5,000 ஓம் காட்டினால் அதே வில்லையின் மதிப்பு 10⁻⁶. ஈரப்பதம் குறிக்காமல் வெளியிட்டால் மழைக்காலத்தில் ஒரு எண், சித்திரையில் ஒரு எண் வரும். யாராலும் சரிபார்க்க முடியாது. இரண்டு வாரம் கழித்தும் அளந்து பாருங்கள். மாவுச்சத்து மறுபடி படிகமானால் படலம் வெளுத்து நொறுங்கும். நம் மண்ணின் கிழங்கில் செய்யும் வேலை, எண் உறுதியாக நிற்கவேண்டும்.

ஓசூர், ஸ்கூட்டர் பேட்டரி பிரிவு: பாலிஎத்திலீன் ஆக்சைடு பேட்டரியை ஸ்கூட்டரில் எப்போது பார்க்கலாம்?

பதில்: சூடாக்கி வைத்தால் இப்போதே ஓடும். 2011-இல் பாரிஸில் வந்த ஆட்டோலிப் வாடகைக் கார்களில் லித்தியம் மெட்டல் பாலிமர் பேட்டரிதான் இருந்தது. ஆனால் 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்க வேண்டும், நம் ஊர் மே வெயில் போதாது. இன்னொரு சிக்கல்: ஓடும் மின்னோட்டத்தில் லித்தியத்தின் பங்கு ஐந்தில் ஒன்று அளவுதான், மீதி எதிர் அயனியுடையது. வேகமாக சார்ஜ் செய்தால் லித்தியம் படியும் முகத்தில் உப்பு வற்றி, ஊசி போல லித்தியம் வளரும். கேத்தோடுக்கு (நேர்மின் முனை) லித்தியம் இரும்பு பாஸ்பேட் எடுங்கள். 4 வோல்ட்டை நெருங்கினால் இந்தப் பாலிமர் ஆக்சிஜனேற்றமடையத் தொடங்கிவிடும்.