கார்த்திகைப்பூக் கொடி மஞ்சளாகிக் காய்கிறது, பிடுங்கவா?

பிடுங்க வேண்டாம், உங்கள் கல்லடி வளவுக் கொடி சாகவில்லை. பூத்துக் காய் வெடித்ததும் தை, மாசியில் மேல்கொடி காய்வது கார்த்திகைப்பூவின் வழக்கம். கிழங்கு மண்ணுக்குள் உறங்கும்.

ஆனால் காய்ந்த பிறகும் நாளாந்தம் தண்ணீர் ஊற்றுகிறேன் என்கிறீர்களே, எனக்கு அதுதான் பயம். இன்றே நிறுத்துங்கள். மணல் நிலம் என்றால் தாங்கும், சாடியில் அழுகிவிடும்.

சந்தேகமென்றால் விரலால் மண்ணை விலக்கிப் பாருங்கள். பழைய கிழங்கு வெறும் தோலாகச் சுருங்கியிருக்கும், அது சரி. பக்கத்தில் கவட்டை போல வளைந்த புதுக்கிழங்கு கெட்டியாக இருக்கிறதா? முளை நுனியில்தான் வரும். நுனி முறிந்த துண்டு வீண்.

கிழங்கு கடும் நஞ்சு. கையுறை போடுங்கள், குசினியில் வற்றாளைக் கிழங்கோடு மட்டும் வைத்துவிடாதீர்கள்.