சனிக்கிழமை வராத வயிற்றுவலி

கேள்வி: டொக்டர், நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகனுக்கு 11 வயது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்ததால் மலையகத்து ஹட்டனிலிருந்து கொழும்புக்கு வந்து இங்கே ஆறாம் தரத்தில் சேர்த்தோம். இரண்டு மாதமாகக் காலையில் எழும்பினால் வயிற்றுவலி என்கிறான். ஸ்கான், இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. சனி, ஞாயிறு வலியே இல்லை. வகுப்பில் நான்கைந்து பேர் அவன் பேச்சைத் திருப்பிச் சொல்லிச் சிரிக்கிறார்களாம், பட்டம் தெளிக்கிறார்களாம். தங்கையிடம்தான் சொல்லியிருக்கிறான். "நீயும் திருப்பி அடி" என்கிறார் அவன் அப்பா. மகன் நடிக்கிறானா?

பதில்: நடிக்கவில்லை. பரீட்சை மண்டபத்துக்குப் போகும் காலையில் நமக்கெல்லாம் வயிற்றைக் கலக்கியதே, அதுவும் நடிப்பில்லைதானே? பயம் குடலின் அசைவை மாற்றும், சாதாரண அசைவையே வலியாக உணர வைக்கும். ஸ்கானில் அது தெரியாது.

இன்னொன்றையும் பாருங்கள். பாடசாலை விட்டு வந்ததும் அவனுடைய தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிப் பாருங்கள். கொடுத்த தண்ணீர் அப்படியே இருக்கிறதா? வாசலில் சப்பாத்தைக் கழற்றியபடியே மலசலகூடத்துக்கு ஓடுகிறானா? சீண்டலுக்கு ஆளாகும் பிள்ளைகள் பலர் பாடசாலை மலசலகூடத்துப் பக்கம் போவதில்லை. அங்கே ஆசிரியர் இல்லை, கதவுக்கு வெளியே அந்த நான்கைந்து பேர் நிற்கலாம். அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, எல்லாவற்றையும் அடக்கி வைக்கிறார்கள். அடக்கினால் மலம் இறுகும், அதுவே தனி வயிற்றுவலி. பயத்தில் தொடங்கியது மலச்சிக்கலில் போய் நிற்கும் கதையை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

பிள்ளைகள் பகிடி பண்ணுவது வழக்கம்தானே என்று சிலர் சொல்வார்கள். பகிடியில் இரண்டு பக்கமும் சிரிக்கும், முறை மாறி மாறி வரும். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்க முடியாதவனிடம் செய்வது: இந்த மூன்றையும் வைத்துத்தான் டான் ஒல்வேயஸ் என்ற உளவியலாளர், 1970களில் இப்படிப்பட்ட சீண்டலைப் பற்றிய ஆய்வுகளைத் தொடங்கிவைத்தவர், அதை வரையறுத்தார். உங்கள் மகன் புதியவன், தனி ஆள். அவர்கள் ஒரு கூட்டம். மூன்றும் பொருந்துகிறது.

அப்பாவின் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் ஐந்து பேருக்கு முன்னால் ஒருவன் கையை ஓங்கினால் அடி வாங்குவதும் அவன், அதிபர் முன்னால் குற்றவாளியாக நிற்பதும் அவன். அப்புறம் அடிக்க முடியாமல் போய்விட்டால் அப்பாவிடமும் வெட்கப்பட்டு, தங்கையிடம் சொன்னதைக்கூட நிறுத்திவிடுவான்.

நீங்கள் "கொழும்பு ஆட்கள் மாதிரிக் கதை" என்று அவனைத் திருத்தப் பார்த்தீர்களா தெரியாது. பார்த்திருந்தால் விட்டுவிடுங்கள். அவன் பேச்சில் பிழை இல்லை. வீட்டிலும் அதைத் திருத்தினால், வகுப்பில் சிரித்தவர்கள் சொன்னது சரி என்று அவனுக்குச் சொல்வதாகிவிடும்.

இன்று இரவு அவனோடு பேசுங்கள். நேருக்கு நேர் உட்கார வைத்து விசாரிக்க வேண்டாம். கோல்ஃபேஸ் கடற்கரைப் பக்கம் நடந்துகொண்டோ, பாத்திரம் கழுவிக்கொண்டோ பேசினால் பையன்களுக்கு வாய் திறக்கும். கோள் சொல்கிறோம் என்ற பயம் அவனுக்கு இருக்கும். ஒருவரை மாட்டிவிடச் சொல்வதுதான் கோள், ஒருவருக்கு நடக்கும் கொடுமையை நிறுத்தச் சொல்வது உதவி கேட்பது என்று பிரித்துச் சொல்லுங்கள். உன்னைக் கேட்காமல் பாடசாலைக்கு வரமாட்டேன் என்றும் சொல்லுங்கள், ஆனால் போகவே மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

பிறகு வகுப்பாசிரியரைத் தனியாகச் சந்தியுங்கள். என்ன நாள், எந்த இடம், என்ன சொன்னார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். வட்ஸ்அப்பில் ஏதாவது வந்திருந்தால் அழிக்காமல் வையுங்கள். "என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் ஆசிரியர் தலையாட்டுவார், அவ்வளவுதான். இடைவேளையில் மலசலகூடப் பக்கம் ஒருவர் நிற்க முடியுமா, இருக்கையை மாற்ற முடியுமா, அடுத்த வெள்ளிக்கிழமை நான் திரும்ப வரட்டுமா என்று கேளுங்கள். மற்றப் பெற்றோரோடு கேற்றடியில் சண்டை வேண்டாம். இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு "கை கொடுத்துக்கொள்ளுங்கள்" என்று முடிக்க விடவும் வேண்டாம். சமபலம் உள்ளவர்களின் சண்டைக்குத்தான் சமாதானம் சரிவரும்.

பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளையும் ஆசிரியர் கவனிக்க வேண்டும். கனடாவில் விளையாட்டு மைதானங்களைப் படம்பிடித்துச் செய்த ஓர் ஆய்வு 2001இல் வெளிவந்தது. பத்தில் ஒன்பது அளவு சம்பவங்களை மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்திருக்கிறார்கள். யாராவது ஒருவர் குறுக்கே புகுந்தபோது, பாதிக்கு மேற்பட்ட தடவைகள் பத்து விநாடிக்குள் அடங்கிவிட்டது. மகனோடு இடைவேளைக்கு நடக்க ஒரே ஒரு நண்பன் கிடைத்தாலும் நிலைமை மாறும். யாராவது ஒருவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்களேன்.

வலி இரவில் தூக்கத்தைக் கலைத்தால், எடை குறைந்தால், காய்ச்சல் இருந்தால், மலத்தில் இரத்தம் தெரிந்தால், அல்லது வலது பக்க அடிவயிற்றில் நிலைத்து நின்றால் இது எல்லாம் மனம் என்று இருந்துவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். அவன் எதிலும் விருப்பமில்லாமல் ஒதுங்கினாலோ, "நான் இல்லாமல் போனால் நல்லது" என்பது போல் ஏதும் சொன்னாலோ, சாக வேண்டும் போல் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆம் என்றால் தனியே விடாமல் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. பாடசாலை அசட்டை செய்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அழைக்கலாம்.

பாடசாலைக்கு அனுப்புவதை மட்டும் நிறுத்தாதீர்கள். வீட்டில் இருந்த ஒவ்வொரு நாளும் திரும்பிப் போவதை இன்னும் கடினமாக்கும். வலி என்றால் காலையில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கொஞ்சம் பிந்தியாவது அனுப்புங்கள். இரண்டு வாரம் கழித்து, அந்தப் போத்தல் எப்படி வீட்டுக்கு வருகிறது என்று எனக்கு எழுதுங்கள்.