நூறு பேரா, 384 பேரா?

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பஞ்சாயத்துகளில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் எத்தனை பேருக்கு ரத்தசோகை என்பது என் ஆய்வு. வழிகாட்டி ஆசிரியர் நூறு பேர் போதும் என்கிறார். சீனியர் 384 என்கிறார். எத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்று கணக்கிடும் சூத்திரத்தில் போட, முன்பே தெரிந்த ஒரு சதவீதமும் வேண்டுமாம். நாங்கள் இருப்பது கேரளம். பேச்சும் சாப்பாடும் தமிழ்நாடு. எந்த மாநிலத்தின் எண்ணைப் போடுவது? இரண்டு அங்கன்வாடிகளில் தெரிந்த டீச்சர்கள் இருக்கிறார்கள், வேலை சுலபமாக முடியும்.
— வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: மாநிலச் சண்டையை முதலில் தீர்த்துவிடுவோம் அம்மா. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) இந்த வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் கேரளத்தில் 36.3 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். ஐந்து சதவீதம் முன்பின் பிழை போகலாம் என்று வைத்தால், கேரளத்துக்கு சுமார் 355 பேர், தமிழ்நாட்டுக்கு சுமார் 383 பேர் வரும். எல்லைத் தகராறு மொத்தமும் முப்பது பேருக்குள் அடங்கிவிட்டது! பெரிய எண்ணையே எடுங்கள். உங்கள் சீனியரின் 384-ம் இதே குடும்பம்தான். எதுவும் தெரியாதபோது 50 சதவீதம் என்று வைத்தால் வருவது.

நூறு பேர் என்றால் என்ன ஆகும்? நூறில் 45 பேருக்கு ரத்தசோகை என்று வருகிறது என்போம். பிழை ஏறக்குறைய 10. ஆக, உண்மை 35-லிருந்து 55-க்குள் எங்கும் இருக்கலாம். கேரளத்தின் 36-ம் அதற்குள், தமிழ்நாட்டின் 53-ம் அதற்குள். எல்லை ஊரான வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிறோமா அந்தப் பக்கம் நிற்கிறோமா என்றுகூடச் சொல்ல முடியாத ஆய்வுக்கு நூறு பெண்களின் விரலில் ஏன் ஊசி குத்த வேண்டும்?

ஆனால் எனக்கு உண்மையில் கவலை தந்தது உங்கள் கடைசி வரி. என் அப்பா சித்தூரில் அரிசி மண்டி வைத்திருந்தார். குத்தூசியைச் சாக்கில் செருகிச் சாய்த்தால், அதன் குழிவில் அரிசி வழிந்து உள்ளங்கையில் விழும். ஒரு மழைக்காலத்தில் லாரியில் வந்த சரக்கைக் கடைப்பையன் பார்த்து, “முப்பது தடவை குத்தினேன், நல்ல அரிசி” என்றான். இறக்கினால் அடி வரிசை முழுக்க ஈரம், மக்கிய வாடை. அப்பா திட்டவில்லை. “நீ முப்பது தடவை குத்தினாய், ஆனால் இரண்டு மூட்டையைத்தான் பார்த்தாய்” என்றார். பின்னாளில் மருத்துவ மாணவர்களுக்கு நான் நடத்திய புள்ளியியலில் பாதி இந்த ஒரு வாக்கியம்தான்.

ஓர் அங்கன்வாடியைச் சுற்றியுள்ள பெண்களுக்கு ஒரே கிணறு, ஒரே ரேஷன் கடை, பெரும்பாலும் ஒரே வகைக் கூலி. அந்த ஒற்றுமையை, 0 முதல் 1 வரையிலான அளவில், 0.05 என்று மிகச் சிறிதாக வைத்தாலும், இரண்டு அங்கன்வாடிகளில் தலா 200 பேர் என்றால் மாதிரி 11 மடங்கு பலமிழக்கும். 400 பேரைப் பார்த்தும் 37 பேரைப் பார்த்த பலன்தான் மிஞ்சும்.

மாறாக, பட்டியலை வாங்கிக் குலுக்கல் முறையில் 30 அங்கன்வாடிகளை எடுங்கள். ஒவ்வொன்றிலும் 11 பேர், மொத்தம் 330. இழப்பு ஒன்றரை மடங்கோடு நிற்கும். ஆனால் முன்பு சொன்ன ஐந்து சதவீதப் பிழையையே பிடித்தால், 384-க்கும் இந்த ஒன்றரை மடங்கு வேண்டும்; தனி ஆளுக்கு அது பெரிய வேலை. பிழையை ஏழு சதவீதமாகத் தளர்த்தினால், அதே 50 சதவீதக் கணக்கில் 196; ஒன்றரை மடங்கு 294; பத்தில் ஒருவர் மறுப்பார் என்று சேர்த்தால் 327. உங்கள் 330 அதற்குப் போதும். 45 வந்தால் 38 முதல் 52 வரை என்று சொல்லலாம். இரு மாநில எண்களும் வெளியே நிற்கும். இந்த ஏழு சதவீதத்தை ஆய்வுக்கு முன்பே எழுதிவைத்துவிடுங்கள், முடிந்தபிறகு அல்ல.

கர்ப்பிணிகளைத் தனியே வையுங்கள். அந்தத் தேசிய ஆய்வில் ரத்தசோகைக்கான ஹீமோகுளோபின் வரம்பு அவர்களுக்கு டெசிலிட்டருக்கு 11 கிராம், மற்றவர்களுக்கு 12. பெயர்களைக் குடும்பப் பதிவேட்டிலிருந்து குலுக்கி எடுங்கள். காலை பத்து மணிக்குப் போனால் தொழிலுறுதி (நூறு நாள்) வேலைக்கும் தோட்டத்துக்கும் போனவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள், சோகை அதிகம் இருக்கக்கூடியவர்களும் அவர்கள்தான். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டுக்காரியைப் பிடிக்காதீர்கள். சாயங்காலம் மறுபடி போங்கள்.

கேள்வி: முப்பது பேர் இருந்தால் எந்த ஆய்வுக்கும் போதும் என்கிறார்களே?
— வாசகர், கோபாலபுரம்

பதில்: முப்பது பேரில் பிழை 18 சதவீதம். 50 என்று வந்தால் 32-ம் இருக்கலாம், 68-ம் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய தடுப்பூசிக் கணக்கெடுப்பு முறையில் ஒரு முப்பது வந்தது. அதைப் பாதி கேட்டுவிட்டுச் சொல்கிறவர்களும் உண்டு. அது முப்பது குழந்தைகள் அல்ல. முப்பது ஊர்கள், ஊருக்கு ஏழு குழந்தைகள், ஆக 210.