பிஸ்டல் உதைக்கட்டும், விடுங்கள்

அன்புள்ள சார்,

துப்பாக்கி சுடுதல் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வந்து ரைபிள் கிளப்பில் பயிற்சி எடுக்கிறேன். இரண்டு வருடம் ஏர் பிஸ்டல் சுட்டேன், இப்போது நிஜத் தோட்டா போட்டுச் சுடும் .22 ஸ்போர்ட்ஸ் பிஸ்டல். ஏர் பிஸ்டலில் ஒழுங்காக விழுந்த குண்டுகள், இதில் கீழே இடது பக்கமாக, கடிகாரத்தில் 7 மணி இருக்கும் இடத்துக்குப் போகின்றன. "பொம்பளப் பிள்ளைக்குக் கையில் பலம் போதாது, இறுக்கிப் பிடி" என்கிறார்கள். இறுக்கினால் கை நடுங்குகிறது. வீடியோக்களில் எல்லோரும் இரண்டு கையால் பிடிக்கிறார்கள். நானும் அப்படிப் பிடிக்கலாமா? அடுத்த மாதம் மாவட்டப் போட்டி இருக்கிறது.

எஸ்., திருமங்கலம்

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்தப் பலம் பேச்சைத் தள்ளி வையுங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கிய மனு பாக்கர், அதே ஒலிம்பிக்கில் 25 மீட்டர் பிஸ்டலில் நான்காவதாக வந்தார். நீங்கள் சுடும் அதே பிரிவுதான். அப்படிச் சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. நல்ல பயிற்சியில் இருக்கும் பெண்ணைத் தவறான இடத்தில் திருத்தப் பார்க்கிறார்கள்.

தோட்டா குழலுக்குள் இருப்பது ஒரு நொடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம். நம் உடம்பு ஒன்றை உணர்ந்து எதிர்வினை காட்ட ஐந்தில் ஒரு பங்கு நொடியாவது வேண்டும். அதாவது சுட்டதும் பிஸ்டல் பின்னால் தள்ளும் அந்த உதைப்பை உணர்ந்து கை எதிர்வினை காட்டும்போது, தோட்டா குறி அட்டையைத் துளைத்து முடித்திருக்கும். உங்கள் குண்டைக் கெடுப்பது உதைப்பு இல்லை, உதைக்கப் போகிறது என்ற எதிர்பார்ப்பு. ட்ரிகரை அழுத்தும்போதே விரல்கள் எல்லாம் சேர்ந்து இறுகி, மணிக்கட்டு குழலின் முனையைக் கீழே தள்ளுகிறது. வலது கைக்காரருக்கு அது பெரும்பாலும் 7 மணியில்தான் வந்து விழும். ஏர் பிஸ்டலில் உதைப்பு இல்லாததால் இந்தப் பழக்கத்துக்கு வேலையே இல்லாமல் இருந்தது.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பயிற்சியாளரிடம் சொல்லி, உங்களுக்குத் தெரியாமல் மேகஸினில் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத டம்மித் தோட்டாவைக் கலந்து போடச் சொல்லுங்கள். டம்மி வந்ததும் 'டிக்' சத்தத்தோடு முனை கீழே குனிகிறதா பாருங்கள். குனிந்தால் காரணம் கிடைத்துவிட்டது. குனியாமல் சுடும் வரை அதையே செய்யுங்கள்.

பிடிக்கு வருவோம். தோட்டா குழலில் இருக்கும்போதே பிஸ்டல் லேசாக நகரத் தொடங்கிவிடும். குறிபார்க்கும் சைட்டைச் சரிசெய்து வைத்திருப்பதே அந்த நகர்வையும் சேர்த்துத்தான். ஒரு குண்டுக்கு இறுக்கம், அடுத்ததற்குத் தளர்வு என்றால் நகர்வு மாறும், குண்டும் இடம் மாறும். அதனால் எவ்வளவு அழுத்தம் என்பதைவிட, ஒவ்வொரு முறையும் அதே அழுத்தமா என்பதுதான் கேள்வி. கை நடுங்கும் வரை இறுக்குங்கள், அப்புறம் நடுக்கம் நிற்கும் வரை தளர்த்துங்கள். அதுதான் உங்கள் அளவு.

பிஸ்டலை இடது கையால் எடுத்து, வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே பதியுங்கள். பிடி தாழ்ந்தால் முனை அதிகம் எகிறும். குழலும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்கட்டும். வேலை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும்தான். அவை நேராகப் பின்னோக்கி அழுத்த வேண்டும். சுண்டுவிரலும் கட்டைவிரலும் சும்மா இருக்கட்டும். ஆள்காட்டி விரல் மரப்பிடியைத் தொடாமல் தனியாக அசைய வேண்டும். கண்ணை மூடிக் கையை உயர்த்தித் திறந்து பாருங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் இல்லாவிட்டால், மணிக்கட்டை வளைத்துச் சரிசெய்யாமல் பிடியை மறுபடி முதலிலிருந்து எடுங்கள்.

நம் ஊர் வெயிலில் உள்ளங்கை வேர்த்து மரப்பிடி நழுவும், நாமும் தெரியாமலே கூடுதலாக இறுக்குவோம். ஐந்து குண்டுக்கு ஒருமுறை பிஸ்டலைக் கீழே வைத்து, துண்டால் கையையும் பிடியையும் துடையுங்கள்.

இரண்டு கைப் பிடி உங்கள் போட்டிக்கு ஆகாது. விதிப்படி ஒரு கையால்தான் சுட வேண்டும். வீடியோவில் பார்ப்பது போலீஸ் பயிற்சியும் வேறு வகைப் போட்டியும். அங்கே அடுத்தடுத்து வேகமாகச் சுட வேண்டியிருப்பதால் முனையைச் சீக்கிரம் குறிக்குத் திருப்ப இன்னொரு கை உதவுகிறது. உங்கள் போட்டியின் ரேபிட் (வேகச்) சுற்றில் அட்டை 3 நொடி தெரியும், ஒரே குண்டு, பிறகு கையை இறக்க 7 நொடி. உதைப்போடு மல்லுக்கட்ட அவசியமே இல்லை. எகிறட்டும், அது அடங்கும் வரை முன் சைட்டையே பாருங்கள். எகிறிய முனை ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத் திரும்பி வந்தால் பிடி சரி.

வீட்டில் குண்டில்லாமல் ட்ரிகரை மட்டும் தட்டிப் பார்க்கும் வெற்றுப் பயிற்சிக்கு ஏர் பிஸ்டலையே வைத்துக்கொள்ளுங்கள். .22-ஐ வெறுமனே தட்டினால் சில மாடல்களில் தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின் கெடும். எதைத் தட்டினாலும் உள்ளே ஒன்றும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத் தட்டுங்கள்.

போட்டி முடியும் வரை மரப்பிடியைச் செதுக்குவது, புட்டி வைப்பது எதுவும் வேண்டாம். முடிந்ததும் உங்கள் அட்டைகளைப் படமெடுத்து அனுப்புங்கள். பிடியின் அடியில் உள்ளங்கையைத் தாங்கும் தட்டைப் பற்றி அப்போது விரிவாக எழுதுகிறேன்.